பெஞ்சுக் கதவைக் காத்த வின்சென்ஸ் குகமோஸ்

ஐஸ் ஹாக்கி ஆடுகளத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு இரண்டு கதவுகள். ஒன்று முன்னால் போய் கோல் அடிக்கிறவர்களுக்கு, இன்னொன்று பின்னால் நின்று தடுக்கிறவர்களுக்கு. இடுப்பளவு உயரம், உள்பக்கம் திறக்கும், மேலே ஓர் இரும்புத் தாழ்ப்பாள். முன்வரிசைக்காரர்களில் பாதிப் பேர் கதவைச் சட்டை செய்யவே மாட்டார்கள்; பலகைச் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். தடுப்பாட்டக்காரர்கள் அப்படியில்லை. கனத்த ஆட்கள், முட்டியும் மோதியும் களைத்துப்போய் வருகிறவர்கள். அவர்கள் வந்து சேரும்போது கதவு திறந்திருக்க வேண்டும்; அடுத்தவன் வெளியே பாய்ந்ததும் மூடியிருக்க வேண்டும். ஆட்டம் யாருக்காகவும் நிற்பதில்லை.

வின்சென்ஸ் குகமோஸ் பத்தொன்பது வயதில் வெர்ன்ஷ்டாட் நகரத்து முதல் பிரிவு அணியில் சேர்ந்தபோது அவனுக்குக் கிடைத்த வேலை இந்தக் கதவு.

யாரும் அதை வேலை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு தடுப்பாட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக மாறி மாறி இறங்குவார்கள். வின்சென்ஸ் ஏழாவது. இத்தனை இளைஞர்கள் அணிப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்று லீக்கில் ஒரு விதி இருந்ததால் அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரோடும் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்வான். பிறகு பெஞ்சின் ஓரத்தில் கதவை ஒட்டி உட்காருவான். ஆட்டம் முடியும்வரை அவன் ஸ்கேட்டின் கத்தி ஐஸைத் தொடாது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்க வேண்டாம் என்று தாழ்ப்பாளைப் பிடித்தது. அப்படியே அங்கே தங்கிவிட்டது.

அவனுடைய ஊர் ஹாசல்வாங். அல்கோய் மலையடிவாரத்தில் பசுமாடும் சீஸ் ஆலையும் ஓர் ஐஸ் அரங்கும் உள்ள சிற்றூர். அப்பா ஆலையில் பதமாவதற்காக அடுக்கிய சீஸ் சக்கரங்களைத் திருப்பிப் போடுகிறவர். அம்மா ரோஸ்விதா அரங்கில் ஐஸைச் சீராக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவள். ஆட்டத்தின் இடைவேளையில் அவள் கீறிப்போன தரையைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போவதற்கென்றே கைதட்டுகிறவர்கள் ஊரில் உண்டு. சின்ன வயதில் வின்சென்ஸும் அந்த வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றி வருவான். ஐஸ் எங்கே அதிகம் கிழிந்திருக்கிறது, எங்கே யாருமே கால் வைக்கவில்லை என்று மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வருவான். பையனுக்கு முன்னால் போவதைவிடப் பின்னால் போவதில்தான் வேகம் என்று கண்டுபிடித்த ஊர் அணிக்காரர்கள் அவனைத் தடுப்பில் நிறுத்தினார்கள். எதிரியைப் பார்த்தபடியே பின்னுக்குச் சறுக்குவது அவனுக்கு மூச்சு விடுவதைப் போல வந்தது.

அப்படிப்பட்டவனைத்தான் வெர்ன்ஷ்டாட் கூட்டிக்கொண்டு போனது. ஒப்பந்தம் ஒரே ஒரு சீசனுக்கு. மார்ச் மாதத்துக்குள் அவன் ஐஸில் இறங்கி, தான் யாரென்று காட்டியாக வேண்டும். இல்லையென்றால் ஹாசல்வாங் சீஸ் ஆலையில் அப்பா சொல்லி வைத்திருந்த பயிற்சி வேலை காத்திருந்தது. நல்ல வேலைதான், ஊரில் மதிப்பான வேலையும்கூட. ஆனால் அவனுக்கு அது வேண்டாம்.

அம்மா ஒவ்வோர் ஆட்டத்துக்கு மறுநாளும் போன் செய்வாள்.

"நேத்து டிவியில உன்னப் பாத்தோம்டா."

"நான்தான் ஆடவே இல்லையேம்மா."

"கதவு தெறந்தியே. நல்லா தெறந்த. அப்பா கைகூட தட்டுனாரு."

"கிண்டல் பண்ணாதம்மா."

"நான் எங்கடா கிண்டல் பண்றேன்? பெப்பிதான் கறிக்கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறான், நம்ம ஊர்ப் பையன் மனசு வெக்காம வெர்ன்ஷ்டாட்ல ஒருத்தன் உள்ள போக முடியாது, வெளிய வர முடியாதுன்னு." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள். "ஆலையில கேட்டாங்களாம். அந்த எடத்த இன்னும் வெச்சிருக்காங்க."

"மார்ச்சுல சொல்றேம்மா."

"சரி. அவசரம் ஒண்ணும் இல்ல. சாப்பிட்டியா?"

பெஞ்சிலும் கேலிக்குக் குறைவில்லை. தடுப்பு வரிசையில் மூத்தவன் ரிக்கோ நோவாக். கிழக்கே லௌசிட்ஸ் பக்கத்துக்காரன், முப்பத்து நான்கு வயது, முன்பல் இரண்டு கிடையாது. ஒவ்வொரு முறை பெஞ்சுக்கு வரும்போதும் வின்சென்ஸின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

"குட்டி, நீ கதவு தெறக்கற அழகுக்கு உனக்கு ஒரு தொப்பியும் பித்தள பட்டன் வெச்ச கோட்டும் வாங்கித் தரணும்டா. பெரிய ஹோட்டல் வாசல்ல நிக்கலாம்."

"நீ வர்ற வேகத்துக்கு ஹோட்டலே மூடிருவாங்க, ரிக்கோ."

பெஞ்சே சிரித்தது. ரிக்கோ இன்னொரு தட்டுத் தட்டினான், கொஞ்சம் பலமாக.

ஆனால் வின்சென்ஸ் சும்மா வாயடிக்கவில்லை. கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்று தெரியும், அது ஐஸில் இருக்கிறவனுக்குத் தெரியாது: யார் எப்போது தளர்கிறான் என்பது. ஒருவனுக்கு முதலில் தோள் இறங்கும். இன்னொருவன் மட்டையை இரண்டு கையாலும் பிடிப்பதை விட்டுவிட்டு ஒரு கையால் இழுத்துக்கொண்டு வருவான். ரிக்கோவுக்கு வாய் திறந்துகொள்ளும். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதிக்கு அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் தடுப்பாட்டக்காரர்களுக்கு பெஞ்சு தூரமாகிவிடும். தவறான நேரத்தில் கிளம்பினவன் பாதி வழியில் மாட்டிக்கொள்வான், பின்னால் கோல் திறந்து கிடக்கும். வின்சென்ஸ் அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டே இருந்தான். அக்டோபரில் மெல்ல வாயைத் திறந்து குரல் கொடுக்க ஆரம்பித்தான். "வா!" "இரு!" அவ்வளவுதான்.

முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிக்கோ ஒருமுறை "இரு" என்றதைக் கேட்காமல் வந்து, நடு வழியில் மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டத் திரும்பி ஓடினான். அடுத்த முறை கேட்டான். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஆறு பேரும் அந்தக் குரலைக் காதில் வாங்கித்தான் வந்தார்கள். யாரும் பாராட்டவில்லை. பெஞ்சில் அது வழக்கமில்லை. ஹெல்மெட்டில் விழுகிற தட்டு மட்டும் சற்று மென்மையானது.

ஜனவரியில், வெளியூரில், அந்தக் கெட்ட நேரம் வந்தது.

இரண்டாம் பகுதி. ஆட்டம் சமநிலையில் இருந்தது. ரிக்கோ தன் கோல் முன்னால் வெகுநேரம் சிக்கிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவன் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, எதிர்மூலைக்கு விரட்டிவிட்டான். ரிக்கோ பெஞ்சை நோக்கித் திரும்பினான். வாய் ஆவென்று திறந்திருந்தது. கால்கள் சறுக்கவில்லை, நடந்தன. அதைப் பார்க்க வின்சென்ஸுக்குத் தாங்கவில்லை. ரிக்கோ இன்னும் தூரத்தில் இருக்கும்போதே தாழ்ப்பாளை எடுத்துக் கதவை விரியத் திறந்துவிட்டான். வருகிறவன் நேரே உள்ளே விழட்டும் என்று நினைத்தான். ஆளைப் பார்த்தானே தவிர, பக்கைப் பார்க்கவில்லை.

எதிரணிக்காரன் மூலையிலிருந்து பலகைச் சுவரை ஒட்டி ஓங்கி அடித்தான். பக் சுவரோடு சுவராக வளைந்து வந்தது. கதவு மூடியிருந்தால் வழுக்கிக்கொண்டு பெஞ்சைத் தாண்டி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். திறந்த கதவின் நிலைக்கட்டையில் பக்கின் விளிம்பு டக்கென்று மோதியது. ஆடுகளத்தின் நடுவுக்குத் துள்ளிப் போய், யாரோ கையில் எடுத்து வைத்த மாதிரி, எதிரணியின் வேகக்காரன் மட்டையில் உட்கார்ந்தது. அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் வெறும் ஐஸ்.

அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் ஸ்டெலன் கத்தவில்லை. ஸ்வீடன்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகும். "ரிக்கோ, உன்ன யாரு அப்ப வரச் சொன்னது?"

ரிக்கோ ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பெரியவன் வாங்குகிற அடியின் நடுவில் சின்னவன் வாய் திறக்கக் கூடாது. வின்சென்ஸ் எழுந்து நின்றான்.

"கோச், கதவ நான்தான் முன்னாடியே தெறந்தேன். பக் கதவுலதான் பட்டுச்சு. ரிக்கோ மேல தப்பு இல்ல."

ரிக்கோவைத் தவிர எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒக்காருடா குட்டி," என்றான் ரிக்கோ, நிமிராமலே. "நான் வந்ததாலதான தெறந்த. நான் வந்தது செத்த மாடு மாதிரி."

ஸ்டெலன் வின்சென்ஸ் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம நீ ஹாசல்வாங் போற. அங்க ஆடு. வெள்ளிக்கெழம இங்க வா."

மூன்றாம் பிரிவில் ஆடும் ஹாசல்வாங்கும் வெர்ன்ஷ்டாட்டும் கூட்டாளி அணிகள். இளைஞன் ஒருவனை இரண்டு பக்கமும் ஆட விடலாம். ஆனால் இது தண்டனையா, பரிசா என்று வின்சென்ஸுக்குப் புரியவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. கதவு வீடியோ அதற்குள் எல்லோருடைய போனிலும் சுற்றிவிட்டது. ஹாசல்வாங்கில் அதைப் பார்க்காதவர்கள் பசுமாடுகள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய காரை ஓட்டிக்கொண்டு பனிக்குள் ஊருக்குப் போனான். அரங்கத்துக்குள் நுழைந்து ஐஸில் கால் வைத்தபோது, நின்றபடி பார்க்கிறவர்களின் மேடையிலிருந்து பெரிய ஓசை எழுந்தது. "கிரீ...ச்!"

நிமிர்ந்து பார்த்தான். மேடையின் நடுவில் ஒரு கதவு. நிஜக் கதவு. யாருடைய மாட்டுக் கொட்டகையிலிருந்தோ சட்டத்தோடு பெயர்த்துக் கொண்டுவந்து, நீலச் சாயம் அடித்து, அவனுடைய சட்டை எண்ணை வெள்ளையில் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கறிக்கடை பெப்பி கைப்பிடியைப் பிடித்து நின்றான். வின்சென்ஸ் ஐஸில் இறங்கினால் கதவு திறக்கும். பெஞ்சுக்குப் போனால் மூடும். ஒவ்வொரு முறையும் ஆயிரம் தொண்டைகள் கிரீச்சிடும்.

காது கொதிக்க ஆடினான். இடைவேளையில் ரோஸ்விதா வண்டியைக் கிளப்பினாள். முதல் சுற்றிலேயே மேடைக்கு நேராக நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"பெப்பி! அத எறக்கு! இல்லேன்னா அடுத்த சுத்து இந்த வண்டி ஐஸ் மேல போகாது, உன் மேல போகும்!"

"பாசத்துலதான் பண்றோம், ரோஸ்விதா!"

"பாசமா? பாசத்த உன் லெபர்கேஸ் கறி ரொட்டிக்குள்ள வெச்சுக் குடு! அதுலயே பாதி காத்துதான் இருக்கு!"

மேடை முழுக்கச் சிரிப்பு. பெப்பி தொப்பியைக் கழற்றி வணங்கினான். ஆனால் கதவை இறக்கவில்லை. வின்சென்ஸ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தான்.

"விடும்மா."

"என்னடா விடறது? என் பையன வெச்சு வேடிக்க காட்டுறானுங்க."

"நான் எறங்கறப்பதானம்மா அது தெறக்குது." "இன்னிக்கு எத்தன தடவ தெறந்துச்சு, பாத்தியா?"

ரோஸ்விதா அவனைப் பார்த்தாள். செப்டம்பரிலிருந்து வெர்ன்ஷ்டாட்டில் அவனுக்காக ஒரு கதவும் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து வண்டியை ஓட்டினாள். அன்றைக்கு ஐஸ் வழக்கத்தைவிட அழகாக இருந்ததென்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெர்ன்ஷ்டாட் பெஞ்சில் கதவு பிடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாசல்வாங் ஐஸில் ஆடினான். ஆடினான் என்றால் சும்மா இல்லை. கதவோரத்தில் மாதக்கணக்கில் பார்த்ததெல்லாம் இப்போது காலில் இறங்கியது. தான் எப்போது தளர்வோம் என்று தளர்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டான். பக் எந்தப் பக்கம் போனால் பெஞ்சுக்கு வரலாம், எந்தப் பக்கம் போனால் உயிரே போனாலும் வரக் கூடாது என்பதில் தவறவே இல்லை. கோல் அடிக்கவில்லை; ஆனால் எதிரிகளுக்கு அவன் பக்கமாக வருவது அலுத்துப்போனது. ஆட்டம் தெரியாதவர்கள் அவனைக் கவனிக்கவே மாட்டார்கள். தெரிந்தவர்கள் அவனை மட்டுமே பார்த்தார்கள். பெப்பி ஒருநாள் கதவைத் திறந்து வைத்தபடியே மூட மறந்து ஆட்டத்தில் மூழ்கிவிட்டான். சுற்றி நின்றவர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை. தோற்றால் வெர்ன்ஷ்டாட்டுக்கு அந்தச் சீசன் முடிந்த மாதிரிதான். ஸ்டெலன் அறையில் நின்று தடுப்பாட்டக்காரர் ஆறு பேரின் பெயர்களைப் படித்தார். ஆறாவது பெயர் குகமோஸ்.

ரிக்கோ நோவாக் பெயர் வரவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. வின்சென்ஸுக்குச் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது. பெஞ்சுக்குப் போனபோது ரிக்கோ கதவோரத்தில் உட்கார்ந்திருந்தான். தாழ்ப்பாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"இறுகலா இருக்கே. எண்ண போட மாட்டியா?"

"போன வாரம்தான் போட்டேன்."

"சரி, போ. பின்னாடி போ, அதுதான உனக்கு வரும்."

முதல் பகுதியில் வின்சென்ஸ் தப்பில்லாமல் ஆடினான். இரண்டாம் பகுதியின் நடுவில் சிக்கினான். எதிரணி அவனுடைய கோல் முன்னால் கூடாரம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒரு அடியைக் காலில் வாங்கினான், இன்னொன்றை விலாவில். தொடை இரண்டும் ஈரத்துணி ஆகிவிட்டன. கடைசியில் யாரோ பக்கை எதிர்மூலைக்கு அடித்து விரட்டினான். வின்சென்ஸ் பெஞ்சை நோக்கித் திரும்பினான். அவனுக்குத் தெரியும், தன் வாய் இப்போது ஆவென்று திறந்திருக்கிறது. கதவு தூரத்தில் தெரிந்தது. அதன் பின்னால் ரிக்கோவின் பல்லில்லாத முகம்.

கதவு மூடியிருந்தது.

தாழ்ப்பாளில் கை இருந்தது, ஆனால் அசையவில்லை. வின்சென்ஸ் இன்னும் நெருங்கினான். ரிக்கோ அவனைப் பார்க்கவேயில்லை. அவன் கண் மூலையில் இருந்தது.

"இரு!" என்று கத்தினான் ரிக்கோ. "குட்டி, இரு! சுவரு! சுவரு!"

வேறு யாராவது கத்தியிருந்தால் வின்சென்ஸ் நின்றிருப்பானோ என்னவோ. அந்தச் சொல் அவனுடைய சொல். திரும்பினான். பக் சுவரோடு சுவராக வளைந்து வந்துகொண்டிருந்தது, ஜனவரியில் வந்த அதே வழியில். பின்னாலேயே எதிரணியின் வேகக்காரன். வின்சென்ஸ் உடம்பை மூடிய கதவோடு சாய்த்து, ஸ்கேட்டால் பக்கை மிதித்து நிறுத்தினான். வந்தவன் முழு வேகத்தில் அவனைக் கதவோடு மோதினான். கதவு அதிர்ந்தது, தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ரிக்கோ இரண்டு கையாலும் கதவைத் தாங்கி நின்றான். வின்சென்ஸ் கீழே விழாமல், கால்களுக்கு நடுவிலிருந்து பக்கைக் கிளப்பி, நடுவில் ஓடிக்கொண்டிருந்த தன் ஆளுக்கு அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே விழுந்தான். ஹெல்மெட்டில் ஒரு தட்டு விழுந்தது.

"வர்ற வேகத்தப் பாரு," என்றான் ரிக்கோ. "ஹோட்டலே மூடிருப்பாங்க."

ஆட்டத்தை வெர்ன்ஷ்டாட் ஜெயித்தது. கடைசி நிமிடங்களில் ஐஸில் இருந்த இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் ஒருவன் குகமோஸ்.

அறையில் ஸ்டெலன் அவன் முன்னால் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம ஹாசல்வாங் வேண்டாம். ஓய்வு எடு. திங்கக்கெழம அடுத்த வருஷத்தப் பத்திப் பேசுவோம். நீ இங்கதான்."

வின்சென்ஸ் ஐஸ் பையை விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். "ரொம்ப நன்றி, கோச். திங்கக்கெழம வர்றேன். ஆனா ஞாயித்துக்கெழம ஊருக்குப் போய்த்தான் ஆகணும். அங்க கடைசி ஆட்டம்."

"விலா?"

"தாங்கும்."

ஸ்டெலன் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வின்சென்ஸ் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தான்.

"பாத்தோம்டா," என்றாள் ரோஸ்விதா. பின்னால் அப்பா மூக்கு சிந்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, ஆலையில சொல்லிடு. அந்த எடத்த வேற யாருக்காவது குடுக்கட்டும்."

"நான் நேத்தே சொல்லிட்டேன்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காரில் பக்கத்து இருக்கையில் ரிக்கோ இருந்தான். யாரும் கூப்பிடவில்லை, லெபர்கேஸ் நல்லா இருக்கும்னு சொன்னியே என்று ஏறி உட்கார்ந்துவிட்டான். ஹாசல்வாங்கில் அவனை அடையாளம் கண்டதும் பெப்பி ரொட்டியைக் கையில் கொடுத்து, மேடைக்குக் கூட்டிப்போய், நீலக் கதவின் கைப்பிடியையும் ஒப்படைத்தான். முதல் பிரிவுக்காரருக்கு அந்த மரியாதையைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

வின்சென்ஸ் ஐஸில் இறங்கினான். ஆயிரம் பேர் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை.

"தெறங்கய்யா!" என்றான் பெப்பி. "பையன் எறங்கிட்டான்ல!"

ரிக்கோ ரொட்டியை மென்றபடி ஆடுகளத்தின் மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு," என்றான். "பக் எங்க இருக்குன்னு மொதல்ல பாக்கணும்."

பார்த்தான். பிறகு திறந்தான்.